வள்ளி கும்மிக் குழுவின் காணொளிகளை எந்தத் தளத்தில் ஏற்றுவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காங்கேயத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், வள்ளி முருகன் கதையைப் பாடிக் கும்மியடித்து ஆடும் வள்ளி கும்மியின் அரங்கேற்றம் நடந்து முடிந்தபோது, மூன்று மணி நேரக் காணொளி ஒன்று எங்கள் கைக்கு வந்தது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினர்கள் பார்க்கும்படி அதை இணையத்தில் ஏற்றும் பொறுப்பைக் குழுவினர் என்னிடம் கொடுத்தார்கள். சரிபார்க்கப்படாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்ற முடியாது என்ற செய்தியைப் பார்த்ததும், வேறு வழி இல்லை என்று நினைத்து அதை 13 துண்டுகளாக வெட்டி, இரவுக்கு ஒன்றாக ஏற்றினேன். கைப்பேசி எண்ணை ஒரு முறை உறுதிப்படுத்தியிருந்தால் முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றியிருக்கலாம் என்பது நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நான்கு மாதத்தில் செய்த பிழைகளும் அதற்குப் பிறகு ஓராண்டில் கற்றுக்கொண்டவையும் இந்தக் கட்டுரையில் உள்ளன. கும்மிக் குழு, ஒயிலாட்டக் குழு, பெருஞ்சலங்கையாட்டக் குழு என்று எதை நடத்துபவராக இருந்தாலும், முதல் காணொளியை ஏற்றுவதற்கு முன் இதை ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள்.

1. காணொளி யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்தத் தளம் நல்லது என்று கேட்பவர்களிடம், அந்தக் காணொளி என்ன வேலைக்கு என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். ஒரே அரங்கேற்றத்தில் எடுத்த காணொளிக்கு நான்கு வேலைகள் இருக்கலாம். முழு நிகழ்ச்சியை உறவினர்கள் உட்கார்ந்து பார்ப்பது ஒன்று. பக்கத்து ஊர்க் கோயில் கமிட்டியார் எங்கள் குழுவைக் கண்டு அழைப்பதற்கு ஓரிரு நிமிடத் துணுக்குகளைப் பரப்புவது இன்னொன்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டில் அடவை, அதாவது ஆட்ட அசைவுகளை, பார்த்துப் பழகுவதற்கான பயிற்சிப் பதிவு மூன்றாவது. பாட்டும் ஆட்டமும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிடைக்கும்படி பாதுகாத்து வைப்பது நான்காவது. இந்த நான்கையும் ஒரே தளம் செய்துவிடாது என்பதை ஏற்றுக்கொண்டால், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. தளங்களின் குணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முழு நீள நிகழ்ச்சிக்கு யூடியூப்தான் பொருத்தம். கைப்பேசி எண் உறுதிப்படுத்திய கணக்கில் ஒரு காணொளி 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி, இவற்றில் எது குறைவோ அதுவரை இருக்கலாம், கட்டணம் இல்லை, கூகுள் கணக்குக்குக் கிடைக்கும் 15 ஜிபி இலவச இடத்தில் இது சேராது. ஒவ்வொரு காணொளியையும் எல்லோருக்கும் தெரியும்படியோ, லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படியோ, நாம் மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்களுக்கு மட்டும் தெரியும்படியோ வைக்கலாம். பயிற்சிப் பதிவுகளை நாங்கள் இரண்டாவது வகையில் வைத்து, லிங்க்கைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுகிறோம். லிங்க் கை மாறினால் யாரும் பார்க்க முடியும் என்பதால், குழந்தைகள் தனியாக ஆடும் பதிவுகளை மட்டும் மூன்றாவது வகையில் வைத்திருக்கிறோம்.

யூடியூபின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏற்றிய காணொளியை உங்கள் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்திலிருந்து திரும்ப இறக்கினால் 720 அல்லது 360 தரத்தில்தான் கிடைக்கும்; நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பு அப்படியே வராது. அதனால், யூடியூபில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கேமராக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அழித்த குழுக்களை எனக்குத் தெரியும்.

ஊர்ப் பெரியவர்களும் வெளிநாட்டு உறவினர்களும் ஃபேஸ்புக்கில் அதிகம் இருப்பதால் திருவிழா நேரலைக்கு அது வசதியானது. ஆனால் 2025 பிப்ரவரி 19 முதல் அங்கே செய்யப்படும் நேரலைகள் 30 நாட்கள் மட்டுமே இருக்கும். அதற்குள் இறக்கி வைக்காவிட்டால் நீங்கிவிடும். நேரலை முடிந்த அன்றிரவே இறக்கி வைப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். இன்ஸ்டாகிராமில் நேரலை செய்ய இப்போது பொதுக் கணக்கும் 1,000 பின்தொடர்பவர்களும் வேண்டும். யூடியூபில் கைப்பேசி வழியாக நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும். யூடியூபில் நேரலை வசதியை முதன்முறை இயக்கிய பிறகு அது செயல்பட 24 மணி நேரம் வரை ஆகும் என்பதை மறக்க வேண்டாம். கோயில் கொடியேறிய பிறகு கைப்பேசியைத் திறந்து அந்தப் பொத்தானைத் தேடினால் அன்றைக்கு நேரலை நடக்காது. குறைந்தது இரண்டு நாள் முன்பே செய்து வையுங்கள்.

துணுக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் மூன்று நிமிடம் வரை செங்குத்துக் காணொளி போடலாம். எங்கள் அனுபவத்தில், எங்களை ஆட அழைத்த கோயில் கமிட்டியார்களில் பலர் ரீல்ஸ் பார்த்துவிட்டுத்தான் தொலைபேசியில் அழைத்தார்கள். டிக்டாக் 2020 ஜூனிலிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டிருப்பதால் அதைப் பற்றிய பேச்சு வேண்டாம். மோஜ், ஷேர்சாட் ஆகியவற்றில் தமிழிலேயே எல்லாம் இருப்பது வசதி என்றாலும், முழு நிகழ்ச்சிக்கு அவை உதவாது.

விமியோ என்ற காணொளித் தளத்தில் காணொளிக்கு நடுவே விளம்பரம் வராது, கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம், கட்டணத் திட்டத்தில் லிங்க் மாறாமலேயே கோப்பை மட்டும் மாற்றலாம். இந்தக் கடைசி வசதி யூடியூபில் இல்லை. அங்கே ஒரு பிழை கண்டால் புதிதாக ஏற்ற வேண்டும், லிங்க்கும் பார்வைக் கணக்கும் போய்விடும். ஆயினும் விமியோவின் இலவசத் திட்டம் மிகச் சிறியது. ஆண்டுக் கட்டணம் கட்டும் அளவுக்கு ஒரு கிராமக் குழுவுக்குத் தேவை வராது என்பது என் கருத்து. டெய்லிமோஷனில் நம் உறவினர்கள் தேட மாட்டார்கள். பியர்டியூப் என்பது யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் மட்டுமே அதை எண்ணிப் பாருங்கள்.

பாதுகாத்து வைப்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் லாப நோக்கற்ற அமைப்பு. கட்டணமும் விளம்பரமும் இல்லை. நீங்கள் ஏற்றிய மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்கும், யாரும் இறக்கிக்கொள்ளலாம். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் அந்தக் காணொளியைத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் சேர்க்க முடியும். ஆனால் யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில்தான் ஏற்ற வேண்டும், கொடுத்த உரிமத்தைப் பின்னர் திரும்பப் பெற முடியாது, எம்பி4 கோப்பை அப்படியே ஏற்காது, வெப்எம் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். குழுவில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுத்த பிறகே காமன்ஸுக்குப் போங்கள். நாங்கள் பாட்டு வாத்தியார் மட்டும் ஆடிக் காட்டிய அடவுப் பதிவுகளை, அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு அங்கே கொடுத்தோம்.

3. கணக்கைக் குழுவின் பெயரில் தொடங்குங்கள்

பெரும்பாலான குழுக்களில் நடப்பது இதுதான்: கைப்பேசி நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்த இளைஞர் ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் சேனலைத் தொடங்குவார். இரண்டு ஆண்டில் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும், அல்லது கைப்பேசி தொலையும், அல்லது குழுவுக்குள் ஒரு மனத்தாங்கல் வரும். அதோடு சேனலும் கை நழுவிப் போகும்.

ஆகவே குழுவுக்கென்று புதிய மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, அதில் சேனலை உருவாக்குங்கள். சரிபார்ப்புக்குக் கொடுக்கும் கைப்பேசி எண் குழுத் தலைவருடையதாகவோ பொருளாளருடையதாகவோ, தொடர்ந்து ரீசார்ஜ் செய்யப்படுவதாகவும் இருக்கட்டும். கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். ஒரே எண்ணைக் கொண்டு ஓராண்டில் இரண்டு சேனல்களைத்தான் உறுதிப்படுத்த முடியும் என்பதால், உங்கள் மகனின் விளையாட்டுச் சேனலுக்கும் மருமகளின் சமையல் சேனலுக்கும் அந்த எண்ணைச் செலவழித்துவிடாதீர்கள்.

கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்டுடியோவின் அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதியில், ஒருவரை மேலாளராகவும் இன்னொருவரைத் தொகுப்பவராகவும் அவரவர் சொந்த மின்னஞ்சல் மூலம் சேர்க்கலாம். அவர் விலகினால் பெயரை நீக்கிவிட்டால் போதும். கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதல் நாளே இயக்குங்கள். வருமானம் பெற எப்படியும் அது கட்டாயம். அப்போது கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, குழுவின் தீர்மானப் புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் உறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். பொருளாளரின் கைப்பேசி வாய்க்காலில் விழுந்த மறுநாள் அந்த உறைதான் எங்களைக் காப்பாற்றியது.

4. கேமராக்காரரிடம் மூலக் கோப்பையும் ஒரு வரி எழுத்தையும் வாங்குங்கள்

ஊர்களில் நிகழ்ச்சியைப் படம் எடுப்பவர் பெரும்பாலும் திருமணங்களுக்கு வருகிற கேமராக்காரர்தான். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் அவர் தன் சேனலில் முந்திக்கொண்டு ஏற்றிவிட்டால், அதன் பிறகு நீங்கள் ஏற்றுவது நகல் போலத் தோன்றும். முன்பணம் கொடுக்கும்போதே, ‘காணொளியின் முழு உரிமை குழுவுக்கு, குழுவின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் வெளியிடுவதில்லை’ என்று ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முன்னோட்டமாக அவர் ஒரு நிமிடத் துணுக்கு போட்டுக்கொள்ள அனுமதித்தால் மனக்கசப்பு வராது. அவருக்கும் அது தொழில் அல்லவா?

கோப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது தரத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் வரும். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு அதுவும் போதாது என்பதால், சொந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய் நகலெடுப்பதுதான் வழி. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகல் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். இந்த முழு வேலையிலும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பெரிய செலவு இது ஒன்றுதான்.

5. ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தை முன்பே கணக்கிடுங்கள்

1080 தரத்தில் நொடிக்கு 30 படங்கள் கொண்ட காணொளிக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவை யூடியூப் பரிந்துரைக்கிறது. 8 மெகாபிட் என்பது ஒரு எம்பி; அதாவது நிமிடத்துக்கு 60 எம்பி. மூன்று மணி நேரத்துக்கு ஏறத்தாழ 11 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் இதை ஏற்ற ஆறு நாள் வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்று வேகம் தரும் ஃபைபர் இணைப்பில் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இணைப்பின் விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் இறக்கு வேகம். உங்களுக்குத் தேவை ஏற்று வேகம் என்பதால் அதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். அதனால் தாராபுரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப்போய், இரவு சாப்பாடு முடித்து ஏற்றத் தொடங்கிவிட்டுத் தூங்கி, காலையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஏற்றி முடிந்த உடனே லிங்க்கை அனுப்பிவிடாதீர்கள். யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத் தயார் செய்து, உயர் தரத்தைப் பிறகுதான் தயார் செய்யும். நீண்ட காணொளிக்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் பார்ப்பவர்கள் படம் மங்கலாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். முதலில் யாருக்கும் தெரியாத நிலையில் ஏற்றி, தரம் முழுமையாக வந்ததும், தலைப்பு, விவரிப்பு, ஊர்ப் பெயர், பாட்டு வாத்தியார் பெயர் எல்லாம் சரிபார்த்துப் பொதுவில் விடுங்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதை விவரிப்பில் வரிசையாக எழுதுங்கள். முதல் வரி 0:00 என்று இருந்து, குறைந்தது மூன்று நேரங்கள் இருந்தால், காணொளி தானாகவே பகுதிகளாகப் பிரிந்து காட்டப்படும். தன் பேத்தி எந்தப் பாட்டில் முன்வரிசையில் நிற்கிறாள் என்று தேடும் ஆத்தாக்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

6. பாட்டின் உரிமையில் கவனமாக இருங்கள்

நாட்டுப்புறப் பாட்டு எல்லோருக்கும் பொது என்பது பாதி உண்மைதான். பாடலின் பழைய வரிகளுக்கு உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவு செய்திருந்தால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஒருவர் புதிதாக எழுதிய வரிகளுக்கு அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு.

எங்கள் அரங்கேற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மணி நேரமும் வாத்தியாரே பாடினார், பம்பையும் ஜமாப்பும் நேரடியாக வாசித்தார்கள். ஆனால் இடைவேளையில் ஒலிபெருக்கிக்காரர் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒரு பக்திப் பாட்டை நான்கு நிமிடம் ஓடவிட்டார். அந்த நான்கு நிமிடத்துக்காகக் காணொளி முழுவதன்மீதும் ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை வந்தது. நிறுவனத்தின் பக்கம் தவறில்லை, பாட்டு அவர்களுடையது. நாங்கள் ஸ்டுடியோவின் தொகுப்புக் கருவியில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியதும் கோரிக்கை நீங்கியது. இப்போது ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பே சொல்லிவிடுகிறோம்.

இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். உரிமைக் கோரிக்கை என்பது, இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து வைக்கும் அடையாளம். பெரும்பாலும் அந்தக் காணொளியின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், உங்கள் சேனலுக்கு வேறு ஆபத்து இல்லை. பதிப்புரிமை ஸ்ட்ரைக் என்பது, உரிமையாளர் எழுதிக் கேட்டுக் காணொளியை நீக்கச் செய்வது. அது 90 நாட்கள் சேனலில் இருக்கும், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். கோரிக்கை தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மறுக்கலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. கோபத்தில் மறுக்காதீர்கள், வாத்தியார் பாடிய நேரடிப் பாட்டு என்பதை மட்டும் தெளிவாக எழுதி மறுத்தபோது எங்களுக்கு ஒரு முறை சரியாகிவிட்டது.

ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட ஷார்ட்ஸில் இத்தகைய கோரிக்கை வந்தால் அந்தக் காணொளி முழுவதுமாகத் தடுக்கப்படும். இன்ஸ்டாகிராமின் இசைத் தொகுப்பிலிருந்து சேர்த்த பாட்டு அந்தச் செயலிக்குள் பயன்படுத்துவதற்கு மட்டுமே. அந்த ரீலை இறக்கி யூடியூபில் போட்டால் கோரிக்கை வரும். இரண்டிலும் போட விரும்பினால், நேரடிப் பாட்டுடன் கூடிய துணுக்கைத் தனியே வெட்டி, இரண்டு இடத்திலும் அதையே ஏற்றுங்கள்.

7. பிள்ளைகள் இருக்கும் காணொளிகள்

கும்மிக் குழுவில் பள்ளிப் பிள்ளைகள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விவரிப்பில் பிள்ளைகளின் முழுப் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுதாதீர்கள். ஏற்றும்போது, இது குழந்தைகளுக்கான காணொளியா என்று கேட்கப்படும். குழந்தைகள் ஆடுகிறார்கள் என்பதற்காக ‘ஆம்’ என்று குறிக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பார்ப்பதற்காகவே எடுத்ததா என்பதுதான் கேள்வி. நான் முதலில் தவறாகக் குறித்ததால் பின்னூட்டங்கள் அடைபட்டு, உறவினர்கள் எழுத முடியாமல் போனது. பிள்ளைகளைப் பற்றிய பின்னூட்டங்கள் தவறான போக்கில் போனால் அந்தக் காணொளிக்கு மட்டும் நீங்களே அடைத்துக்கொள்ளலாம்.

8. வருமானம் வரும் என்றால்: பெயர், முகவரி, பான், வங்கி

விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க யூடியூபில் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வை, அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை வேண்டும். முழு நீளக் காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸுக்கு ஒதுக்கப்படும் வருமானத்தில் 45 சதவீதமும் சேனலுக்கு. விண்ணப்பித்தால் முடிவு தெரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். நிராகரித்தால் 21 நாளுக்குள் முறையிடலாம், அல்லது 30 நாள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். மணிக்கணக்கைப் பணத்துக்கு விற்கிறோம் என்று வருபவர்களை நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு செல்லாது, சேனலும் கெடும்.

இந்த எல்லையைத் தொட்டதும், விளம்பரப் பணத்தை கூகுள் நமக்கு அனுப்புவதற்கான ஆட்சென்ஸ் கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு முன் பான் அட்டை, வங்கிப் பாஸ்புக், முகவரிச் சான்று மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை தலைப்பெழுத்து. பான் அட்டையில் தந்தை பெயர் விரிவாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும், ஆதாரில் அந்த எழுத்து பின்னால் போயிருக்கும். மூன்றும் ஒத்துப்போகும்படி வங்கியில் முதலில் திருத்துங்கள். எங்கள் பொருளாளருக்கு அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. ஒருவர் பெயரில் ஓர் ஆட்சென்ஸ் கணக்குத்தான் இருக்கலாம். அதில் பல சேனல்களை இணைக்கலாம். இரண்டாவது கணக்கு தொடங்கினால் நிராகரிப்பார்கள்.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்கக் குறியீடு கொண்ட கடிதம் சாதாரணத் தபாலில் வரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பதிவுத் தபால் இல்லை என்பதால் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க முடியாது. நான்கு மாதத்துக்குள் அந்தக் குறியீட்டைக் கொடுக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எங்கள் விண்ணப்பத்தை நிரப்பிய கணினி மையத்தில், தோட்டத்தின் பெயரில் இருந்த ‘தோட்டம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் ‘கார்டன்’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். முதல் கடிதம் வரவே இல்லை. இரண்டாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பல வருடமாக எங்களுக்குத் தபால் கொடுக்கும் தபால்காரர் எங்கள் சாளை (தோட்டத்து வீடு) வாசலில் நின்று, “ஏனுங்க, இந்தப் பேர்ல நம்ம பக்கம் கார்டன் எதுவும் இல்லீங்களே, உங்க பேரு மட்டும் இருக்குதுன்னு கொண்டாந்தேனுங்க” என்றார். எல்லோருக்கும் அப்படிப்பட்ட தபால்காரர் அமைய மாட்டார். ஆகவே தோட்டத்தின் பெயரை ஒலிப்படி எழுதுங்கள், மொழிபெயர்க்காதீர்கள். கிளைத் தபால் நிலையத்தின் பெயரையும் ஆறு இலக்கப் பின்கோடையும் கட்டாயம் சேருங்கள். தோட்டத்து வீட்டுக்குத் தபால் வருவது சந்தேகம் என்றால் ஊருக்குள் இருக்கும் குழுத் தலைவரின் வீட்டு முகவரியைக் கொடுங்கள். விண்ணப்பித்ததும் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்தது அமெரிக்க வரிப் படிவம். தனிநபருக்கு டபிள்யூ-8பென், பதிவு பெற்ற சங்கத்துக்கு அதற்குரிய வேறு படிவம். இதைக் கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். கொடுத்துவிட்டால், இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தப்படி, அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த பகுதிக்கு மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். கணினியில் இருபது நிமிட வேலை இது. தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வங்கி விவரத்தில் கேட்பது, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு. அது 8 அல்லது 11 எழுத்துகள் கொண்டது. உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கான ஐஎஃப்எஸ்சி குறியீடும் 11 எழுத்துகள் என்பதால் பலர் அதை இங்கே எழுதிவிட்டு, பணம் திரும்பிப்போன பிறகு திகைக்கிறார்கள். சிறிய ஊர்க் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்றுமதி நடக்கும் திருப்பூர்க் கிளைகளில் இதை அன்றாடம் பார்ப்பவர்கள் இருப்பதால், எங்கள் கிளை மேலாளருக்கே தெரியாததை அங்கே ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதத்தின் வருமானக் கணக்கு அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள் முடிவாகும். இருப்பு 100 டாலரைத் தாண்டியிருந்தால் 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படும். தாண்டாவிட்டால் அடுத்தடுத்த மாதங்களில் சேர்ந்துகொண்டே போகும். முதன்முறை பணம் வரும்போது வங்கியில் இருந்து எதற்காக வந்த பணம் என்று கேட்டு, அதற்குரிய காரணக் குறியீட்டை நிரப்பச் சொல்வார்கள். விளம்பர வருமானம் என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் கணக்கில் ஏறும். அந்த அழைப்பைப் பொருட்படுத்தாமல் விட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

பணம் யாருடைய பான் எண்ணில் வருகிறதோ, அது அவருடைய வருமானமாகவே வரிக் கணக்கில் வரும். அறுபது பேர் ஆடிய ஆட்டத்தின் பணம் ஒருவர் பெயரில் சேருவது நாளடைவில் பேச்சை வளர்க்கும். தொகை தொடர்ந்து வரத் தொடங்கினால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குழுவைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பிறகு சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு, ஆட்சென்ஸ் என்ற வரிசையில் வாங்குங்கள். அதுவரை, வந்த தொகையையும் செலவழித்ததையும் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதந்தோறும் கோயில் திடலில் பயிற்சி தொடங்குவதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள்.

9. மின்னஞ்சலில் வரும் வலைகள்

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும், விளம்பரம் தருகிறோம், ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள் என்று கோப்பு இணைத்த மின்னஞ்சல்கள் வரும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் (zip) கோப்பாக அது இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். கணினியில் நுழைந்து, நீங்கள் உள்நுழைந்திருக்கும் நிலையையே திருடிவிடும் நிரல்கள் அவற்றில் வருகின்றன, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அதைத் தடுக்காது. பதிப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று வந்தாலும் அழுத்தாதீர்கள். உண்மையான புகார் என்றால் ஸ்டுடியோவில் அந்தக் காணொளிக்கு நேராகவே தெரியும்; நேரடியாக ஸ்டுடியோவைத் திறந்து பார்த்தால் போதும். குழுவின் மின்னஞ்சலை ஒரே ஒரு கணினியில், ஒருவர் பொறுப்பில் மட்டும் திறந்து வையுங்கள். கணினி மையத்தில் திறக்க நேர்ந்தால் வேலை முடிந்ததும் வெளியேறிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எந்தெந்தக் கருவிகள் இன்னும் இணைந்திருக்கின்றன என்று பார்த்து, தெரியாதவற்றை நீக்குங்கள்.